பதினாலாம் அத்தியாயத்தில் பேர் போட்டார்கள்

4 ஜூன் 2006, ஞாயிறு

விடாத மழை. பூசைக்குப் பாதிக் கூட்டம்தான். என் குடை கம்பி முறிந்து காக்காய்ச் சிறகாகிவிட்டது. வாங்க வேண்டியது: குடை, மண்ணெண்ணெய், கார்பன் தாள், அக்காவுக்கு இருமல் மருந்து.

ஜப்பான் நாவல் சுருக்கம் ஒருவழியாக முடிந்தது. நாற்பத்து மூன்று பக்கம், எல்லாம் டைப் அடித்தது. விரல் நுனி எரிகிறது. கோயில் மண்டபத்து வாசகர் கூட்டத்தில் இங்கிலீஷ் நாவல் படிக்கக்கூடியவர்கள் இரண்டே ஆட்கள்: நானும் சிவநாதன் சேரும். மற்ற எல்லாருக்கும் நான் தமிழில் எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. கொழும்பிலிருந்து கிறிஸ்டின் அனுப்பிய புத்தகம். பயிற்சிக் கல்லூரியில் என்னோடு படித்தவள். "உலகமெல்லாம் விற்கிறது, நீ இன்னும் படிக்கவில்லையா?" என்று எழுதியிருந்தாள். அந்த "நீ இன்னும்" என்பதற்காகவே மூன்று நாளில் படித்தேன்.

பதினாலாம் அத்தியாயம்தான் தொல்லை. கியோ உப்பளத்துக் கூலியின் மகள். தரகுக்காரி ஒருத்தி பட்டணத்துக்குக் கூட்டிப்போய் கெய்ஷா வீட்டில் விடுகிறாள். ஆட்டம், பாட்டு, தேநீர் ஊற்றுகிற விதம் எல்லாம் பழகுகிறாள். இருபது வயதில் வீட்டுக்காரி பணக்காரர்களை வரவழைத்து அவளுடைய முதல் இரவை ஏலம் விடுகிறாள். ஏலம் எடுத்தவன் ஒரு அரிசி வியாபாரி. மறுநாள் அவள் பெயரைப் பலகையில் எழுதி மற்றவர்கள் பெயரோடு வாசலில் தொங்கவிடுகிறார்கள்.

இதைக் கோயில் மண்டபத்தில் எப்படி? ஃபாதர் வருவார். பார்வதி அக்கா வருவார். என் சொந்த அக்கா தேத்தண்ணி ஊற்றுவாள். "ஏலம்" என்று அடித்துவிட்டுத் தாளை உருவிக் கிழித்தேன். பதினொரு பக்கத்தை அப்படியே விழுங்கிவிட்டுப் பலகையை மட்டும் வைத்துக்கொண்டேன்: "மறுநாள் காலை வாசலில் கியோவுக்கும் பேர் போட்டார்கள். அன்றிலிருந்து அவளும் அந்த வீட்டில் ஒருத்தி."

அழகாகத்தான் இருக்கிறது. என் வாய்தான் நீளம், தைரியம் குட்டை. சரி, போகட்டும்.

7 ஜூன், புதன்

மூடுபனி. பத்து மணிக்கும் வகுப்பில் லைட். எட்டாம் வகுப்பில் ஒரே இருமல்.

சுருக்கம் கைக்குக் கை போய்க்கொண்டிருக்கிறது. சிவநாதன் சேருக்கு மட்டும் இங்கிலீஷ் புத்தகத்தையே கொடுத்திருந்தேன். இன்று ஸ்டாஃப் ரூமில் திருப்பித் தந்தார். வீரகேசரிப் பேப்பரில் சுற்றி நூல் கட்டி! யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்து பத்தொன்பது வருசமாகப் பௌதிகம் படிப்பிக்கிற மனிதர். அவர் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை.

"பிள்ளை, உந்தப் புத்தகத்தை வாசிச்சுப்போட்டே மண்டபத்துக்குத் தெரிவு செய்தனீர்?"

"ஏன் சேர், புடிக்கலையா?"

"பிடிக்கிறதோ! எனக்கு ரெண்டு பெம்பிளைப் பிள்ளையள். பதினாலாம் அத்தியாயத்தோட மூடிப்போட்டன். என்ன கோதாரிக்கு உதைப் போய் உலகமே கொண்டாடுது? எழுதினவன் ஜப்பான் பக்கம் தலைவச்சும் படுத்திருக்க மாட்டான்."

நான் சிரித்து மழுப்பினேன். சுருக்கத்தில் அது இல்லை என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் பார்வதி அக்கா. தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில் கொழுந்து எடுக்கிறவர், மாதர் சங்கத் தலைவி. கூடையை இறக்காமலே கத்தினார்: "டீச்சர்! அந்தக் கேசாப் பொண்ணு கதை என்னமா இருக்கு! நேத்து எங்க வீட்டுக் காம்பராவுல நான் படிக்க நாலு பேரு சுத்தி ஒக்காந்து கேட்டாங்க."

கேசா! திருத்த மனம் வரவில்லை.

ஸ்டெல்லா மூன்று தடவை படித்தாளாம். என் சொந்த அக்காவின் ஒரே மகள், பத்தொன்பது வயது. சாதாரண தரப் பரீட்சை இரண்டு முறை எழுதியும் கணிதம் தேறவில்லை. அவளுக்குக் கொழும்பில் இடம் பார்த்துக் கொடுத்தது நான்தான். கிறிஸ்டின் வீட்டுக்குப் பக்கத்தில் பெரிய வீடு, வயசான அம்மா ஒருவருக்குத் துணை, அங்கேயே தங்கல், பின்னேரம் கம்ப்யூட்டர் வகுப்புக்கு விடுவார்களாம். 17ஆம் தேதி சனிக்கிழமை காலை ரயில். கொழும்புக் கோட்டை ஸ்டேசனுக்குக் கிறிஸ்டின் வருவாள்.

ஸ்டெல்லாவுக்கு: சல்வார் 2, செருப்பு, அடையாள அட்டைப் பிரதி, ஞானஸ்நானச் சான்றிதழ், என் பழைய பை (சிப் பழுது, தைக்க வேண்டும்).

அக்கா எதற்கும் சரி என்றும் சொல்லமாட்டாள், வேண்டாம் என்றும் சொல்லமாட்டாள். நான் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன்.

11 ஜூன், ஞாயிறு

மண்டபம் நிறைந்துவிட்டது. ஆண்கள் குறைவு, டி.வி.யில் கால்பந்து. ஃபாதருக்கு மூக்கடைத்துத் தடிமன், வரவில்லை. மாதா காப்பாற்றினாள்.

நான் கேட்டது ஒரே கேள்வி: நல்ல புத்தகமா, கெட்ட புத்தகமா?

பார்வதி அக்கா முதலில் எழுந்தார். "எனக்கு ரொம்பப் புடிச்சது அந்தப் பேரு போட்ட எடம். அப்பாடான்னு இருந்துச்சு. அம்புட்டு வருசம் அந்த வீட்டுல மாடா ஒழைச்சவளுக்குப் பேரே போடாம வச்சிருந்திருக்கானுங்க பாருங்க!"

பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "அரைப் பேரா, முழுப் பேரா?"

"முழுப் பேருதான். அரைப் பேருன்னா வாசல்லயே எழுதித் தொங்க விடுவானுங்களா?"

"அந்த ஊர்லயும் தொழிற்சங்கம் இருந்திருக்கும்."

"இருக்கும், இருக்கும். இல்லாட்டி சும்மா பேரு போடுவானா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில் பிறந்தவள். அம்மா மழையில் நனைந்து வந்து "இன்னைக்கு அரைப் பேருதான் போட்டான்" என்று கணக்கப்பிள்ளையைத் திட்டுவதைக் கேட்டு வளர்ந்தவள். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் கூலி. கொழுந்து நிறை வந்தால் முழுப் பேர், வராவிட்டால் அரை. பதினைந்து வருசம் சாக்பீஸ் பிடித்ததில் அது எனக்கு மறந்தே போயிருக்கிறது! ஒரு பெண்ணை ஏலம் போட்டதை "பேர் போட்டார்கள்" என்று எழுதி வைத்தேன். என் சனங்கள் அதைப் படித்து அவளுக்குக் கூலி கிடைத்துவிட்டது என்று சந்தோசப்பட்டிருக்கிறார்கள். கைதட்டல் வேறு.

சிவநாதன் சேருக்கு ஒன்றுமே புரியவில்லை. எழுந்தார். "என்ன அரை, என்ன முழுசு? எனக்கு விளங்கேல்லை. அந்த அத்தியாயத்தில நடந்தது என்னெண்டு உங்களுக்கு..."

"சேர், தேத்தண்ணி ஆறிப் போவுது" என்றேன் நான். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

சேர் பக்கத்திலிருந்தவரின் பிரதியை வாங்கிப் பார்த்தார். பதினாலாம் அத்தியாயம் இரண்டே வரி. கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, இன்னொரு தடவை பார்த்தார். வெளியே போகும்போது மெதுவாகச் சொன்னார்: "பிள்ளை, நீர் எழுதினது வேற புத்தகம்."

கை தூக்கச் சொன்னபோது அநேகமாக எல்லாரும் நல்ல புத்தகம். இரண்டு பேர் பட்டு உடுப்பு விவரம் கூடிப்போச்சு என்றார்கள். ஒருவர், படம் வந்திருக்கிறதாம், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

பார்வதி அக்காவுக்குத் தரகுக்காரியை மட்டும் பிடிக்கவில்லை. "புள்ளைய அனுப்பி வச்சவ அவதானே, பாவி." நான் வக்காலத்து வாங்கினேன்: "அவ நல்ல எடம்னு நெனச்சுத்தான அனுப்புனா." ஸ்டெல்லா மட்டும் பலமாகத் தலையாட்டினாள். அக்கா கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

13 ஜூன், செவ்வாய்

எப்படி எழுதுவது? இருந்தாலும் எழுதுகிறேன். யாரிடம் சொல்ல?

பின்னேரம் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு அக்கா நேரே என் குவாட்டர்ஸுக்கு வந்தாள். இடுப்பில் கொழுந்தெடுக்கக் கட்டுகிற படங்குச் சாக்கு, ஈரத்தோடு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மடியிலிருந்து பிளாஸ்டிக் பையை எடுத்தாள். உள்ளே என் நாற்பத்து மூன்று பக்கம். அவள் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும். எழுத்துக் கூட்டிக் கூட்டி முழுவதையும் படித்திருக்கிறாள். கொழுந்துச் சாறு ஊறிக் கறுத்த விரலை அந்த வரியில் வைத்தாள்.

"இதுக்கு முன்னால என்னத்த வெட்டுன, பிலோ?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மா... ரொம்ப நீளமா இருந்துச்சு."

"பொய் சொல்லாத. முந்துன நாளு வரைக்கும் அந்த வீட்டுக்காரி அவள நாய வெரட்டுற மாதிரி வெரட்டுறா. மறுநாளு பேரு எழுதித் தொங்க விடுறா. நடுவுல ஒரு ராத்திரி இருக்கு. அதக் காணோம்."

மண்டபத்தில் அத்தனை பேர் படித்தார்கள். ஒருவருக்கும் படவில்லை.

"ஒனக்கு எப்புடித் தெரியும்?" என்றேன்.

"எனக்கும் அப்புடித்தான் பேரு போட்டாங்க."

சாதாரணமாகச் சொன்னாள், உப்புத் தீர்ந்துபோச்சு என்கிற மாதிரி. கல்யாணத்துக்கு முன்னால் கொழும்பில் வீட்டு வேலைக்குப் போனாளே, அங்கே. அப்போது நான் கான்வென்டில் ஏழாம் வகுப்பு. இரண்டு வருசம் இருந்தாள் என்பதும், ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்தாள் என்பதும்தான் எனக்குத் தெரியும். அந்த வீட்டு ஐயாவின் தம்பியாம். அதற்கு மேல் அவள் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. ஒன்றே ஒன்று சொன்னாள், அதை நான் அப்படியே எழுதுகிறேன்:

"அது வரைக்கும் நோனா, அதான் அந்த வீட்டு அம்மா, என்னைய 'கெல்ல, கெல்ல'ன்னுதான் கூப்புடும். சிங்களத்துல பொட்டப்புள்ளன்னு அர்த்தம், நம்மளுக்கு வேற பேரே கெடையாது. மறுநாள் காலைல குசினிக்கு வந்து, 'லூர்து, தேத்தண்ணி குடிச்சியா'ன்னு கேட்டிச்சு. மொத தடவையா பேரு சொல்லி. அப்பதான் எனக்கு வெளங்குச்சு, நோனாவுக்கும் தெரியும்னு."

கடவுளே.

திரும்பி வந்தபோது அவள் எலும்பாக இருந்தாள். கொழும்புத் தண்ணி ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா சொன்னார், நாங்கள் நம்பினோம். சிங்களம் நன்றாகப் பேசுகிறாள் என்று அவளுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தேன். நான்தான் வைத்தேன். நோனா! "நோனா வர்றா, வழி விடுங்க." அவள் கல்யாணத்தன்றுகூட மாலை போட்டு நின்றவளைப் பார்த்து அப்படிக் கத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இருபத்தைந்து வருசம் அப்படிக் கூப்பிட்டிருக்கிறேனே, பாவி நான். ஒரு தடவையாவது அவள் என்னை அறைந்திருக்கக் கூடாதா?

போகும்போது: "ஸ்டெல்லாவ அனுப்பாத."

"நீயே சொல்லேங்க்கா, வேணாம்னு."

"சொன்னா ஏன்னு கேப்பா. அவளுக்குத் தெரியக் கூடாது. அவ அப்பாவுக்கும் தெரியாது. மாதா மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். சாக்கிலிருந்து சொட்டிய தண்ணீர் தரையில் இன்னும் காயவில்லை. துடைக்கத் தோன்றவில்லை.

15 ஜூன், வியாழன்

பாடசாலைக்கு லீவு. வயிற்று வலி என்று எழுதினேன்.

ஸ்டெல்லாவிடம் போக வேண்டாம் என்றேன். காரணம்? வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். கொழும்பில் சூடு. சிங்களம் சரியாக வராது. அடிக்கடி ஆர்மிக்காரர்கள் செக்கிங். அவள் இடுப்பில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்கதான சித்தி எடம் பாத்துக் குடுத்தீங்க? நீங்கதான எழுதுனீங்க? கியோ ஊர விட்டுப் போனதாலதான அவளுக்குப் பேரு கெடைச்சுச்சு? உப்பளத்துலயே கெடந்திருந்தா?"

"அது கதைடி."

"நீங்க டீச்சராகிட்டீங்க. நான் மட்டும் அம்மா மாதிரி படங்கு கட்டிட்டு மலை ஏறணுமா? போவேன். நீங்க வரலேன்னா தனியாப் போவேன்."

புத்தகத்தைப் பற்றி எத்தனையோ அபிப்பிராயம் கேட்டேன். இவளுடையதைத்தான் கேட்காமல் விட்டேன். பட்டும் விளக்கும் பலகையும் வைத்து, நடுவிலிருந்ததைப் பிடுங்கி எறிந்து, ஒரு பெண் பிள்ளைக்கு ஊரை விட்டுப் போக ஆசை மூட்டியிருக்கிறேன். பார்வதி அக்கா பாவி என்றாரே, யாரை என்று இப்போது விளங்குகிறது.

தபாற்கந்தோரிலிருந்து கிறிஸ்டினுக்குப் போன். நல்ல குடும்பம், பயப்படாதே என்றாள். இதற்கு முன்பும் அங்கே ஒரு தமிழ்ப் பிள்ளைதான் இருந்தாளாம்.

"அவ ஏன் போனா?"

"தெரியலடி. திடீர்னு போயிட்டா."

ரிசீவரை வைத்துவிட்டேன். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். கல்யாணம், காய்ச்சல், எதுவும். ஆனால் "திடீர்னு போயிட்டா" என்றுதான் அக்காவைப் பற்றியும் அந்த வீட்டில் சொல்லியிருப்பார்கள்.

சத்தியம் அக்காவின் கதைக்குத்தான். கியோவின் கதைக்கு இல்லையே. பகல் முழுக்க உட்கார்ந்து அந்தப் பதினொரு பக்கத்தையும் கையாலேயே தமிழில் எழுதினேன். ஏலம் என்ற இடத்தில் ஏலம். ராத்திரி என்ற இடத்தில் ராத்திரி. அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததை, காலையில் வீட்டுக்காரி அவளுக்கு மட்டும் முட்டை அவித்துக் கொடுத்ததை, எதையும் விடவில்லை. எழுதும்போது கியோவின் முகம் வரவில்லை. வேறு முகம்தான் வந்தது. சாப்பிடவில்லை.

16 ஜூன், வெள்ளி

மழை விட்டு ஒரு மணி நேரம் வெயில். உடுப்புக் காயப் போட்டதும் மறுபடி தூறல்.

இடைவேளையில் சிவநாதன் சேரிடம் பதினொரு பக்கத்தையும் நீட்டினேன். "சேர், நான் வெட்டுனது இதுதான்." நின்றபடியே படித்தார். மணி அடித்ததுகூடக் கேட்கவில்லை.

"இப்ப இது அந்தப் புத்தகம்தான்" என்றார். "எனக்கு இப்பவும் பிடிக்கேல்லை. ஆனா இதை வெட்டினபடியால்தான் அண்டைக்கு அந்தச் சனம் கைதட்டினது, என்ன?"

"ஆமா சேர்."

"அப்ப இதையும் மண்டபத்தில வாசியும். நான் முன் வரிசை வாங்கில இருக்கிறன்."

இவரா? வீரகேசரியில் சுற்றித் தந்தவரா! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தடிமன் என்றேன்.

17 ஜூன், சனி

விடியக் காலையிலேயே லயத்துக்குப் போனேன். ஸ்டெல்லா புதுச் சல்வாரில், தலை வாரி, பூ வைத்து, என் பழைய பையின் மேல் உட்கார்ந்திருந்தாள். சிப்பை அவளே தைத்துவிட்டாள். அக்கா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுக்குப் போகவில்லை. இருபது வருசத்தில் நானறிய முதல் தடவை.

"ரயிலுக்கு நேரம் இருக்கு. இதக் கேட்டுட்டுப் போ" என்றேன்.

"என்ன சித்தி அது?"

"பதினாலாம் அத்தியாயம். நான் எழுதாம விட்டது."

படித்தேன். முதல் பக்கத்தில் ஸ்டெல்லா செருப்புப் பட்டையை நோண்டிக்கொண்டிருந்தாள். ஏலம் வந்த இடத்தில் நோண்டுவது நின்றது. "சீ" என்றாள் ஒரு தடவை. இரண்டு இடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன். ரொட்டி தட்டுகிற சத்தம் எப்போது நின்றது என்று தெரியாது. கடைசி வரி: மறுநாள் காலை வாசலில் கியோவுக்கும் பேர் போட்டார்கள்.

ஸ்டெல்லாவின் முகம் வெளிறியிருந்தது. ஆனாலும் அவள் என் அக்கா மகள், பிடிவாதம் விடுமா? எழுந்து பையைத் தோளில் மாட்டினாள்.

"அது அந்தக் காலம் சித்தி. அதெல்லாம் ஜப்பான்ல நடந்தது."

நான் தாள்களை அடுக்கினேன். வேறு என்ன செய்ய? மாதா மேல் சத்தியம். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினேன்.

"ஜப்பான்ல இல்லடி" என்றாள் அக்கா. அடுப்பைப் பார்த்தபடிதான். "கொழும்புல, பம்பலப்பிட்டியில."

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் சொல்லவில்லை என்று தலையாட்டினேன். அவள் அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். பை தோளிலிருந்து இறங்கி முழங்கைக்கு வந்தது. அக்கா திரும்பினாள். மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, அப்ப ஒங்களுக்கு என்ன வயசு?"

"ஒன் வயசுதான்."